சாமைக்குள் வைத்த கார்டு

வெள்ளிமலை
திங்கட்கிழமை, விடியற்காலை

அன்புள்ள உங்களுக்கு,

அமுதா எழுதுவது. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. கிளினிக் கம்ப்யூட்டரில் நெட் போய்விட்டது. தோஹாவுக்குப் போகுமுன் நீங்கள் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்தீர்களே, அதே மெஷின்தான்.

இங்கே மழை விடவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ், ஜீப் எதுவும் ஓடவில்லை. ஆள் மட்டும் கால் ஊன்றிக் கடக்கலாம். கரண்ட் இல்லாமல் செல்போன் டவரும் படுத்துவிட்டது. சோலார் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த நம் மெஷினும் மாடியில் இருக்கிற சாட்டிலைட் டிஷ்ஷும்தான் கள்ளக்குறிச்சி டாக்டரோடு பேச இருந்த ஒரே வழி. அதுவும் போனதால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கச்சிராயபாளையத்தில் சிக்னல் கிடைத்ததும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள்.

யாருக்காக இவ்வளவு பதறுகிறாய் என்பீர்கள். உங்கள் தங்கச்சி இசபெல்லாவுக்காக. வேறு மதத்தில் கட்டிக்கொண்டாள் என்று, அவள் பெயரை இனி வீட்டில் எடுக்கக் கூடாது எனச் சொல்லிவிட்டுப் போனீர்கள். எடுக்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். பி.பி. ஏறிக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. நேற்றிலிருந்து குழந்தையின் அசைவு கம்மியாகிவிட்டது. கிளினிக் கட்டிலில் படுக்க வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை கிராஃப் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் கோடு ஓடும்போதே டாக்டர் பார்க்க வேண்டும். போட்டோவாகக் கீழே அனுப்பினால் காலைத் துடிப்பை மத்தியானம் பார்ப்பார், அதில் என்ன பிரயோஜனம்? இந்த உடம்போடு அவளைச் சரிவில் தூக்கிக்கொண்டு போவதும் ஆபத்து, இங்கேயே வைத்திருப்பதும் ஆபத்து. எது என்று அவர் சொல்ல வேண்டும். நான் நர்ஸ், எனக்குத் தைரியம் இல்லை.

நடந்தது இதுதான். ஆயுத பூசை அன்றைக்கு இசபெல்லாவின் வீட்டுக்காரர் தமிழழகன் ஜீப்புக்குப் பூசை போட்ட கையோடு இங்கே வந்தார். “டாக்டராண்ட பேசற மெஷினு அக்கா, அதுக்கு ஒரு பொட்டு வெக்காம வுடலாமா” என்றார். சிலுவை மாட்டிய சுவருக்குக் கீழே எலுமிச்சம்பழமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, மனசுக்கு நல்லதாகத்தானே செய்கிறார் என்று விட்டுவிட்டேன். கற்பூரம் காட்டும்போது ஓடக் கூடாது என்று நான்தான் மெஷினை நிறுத்தினேன். நீங்கள் போனபின் அதை நிறுத்தியதே இல்லை. சந்தனம், குங்குமம் வைத்துத் தீர்த்தமும் தெளித்தார். மறுநாள் போட்டால் நெட் இல்லை.

நெட்வொர்க் கார்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினோம். நனைந்த போனை அரிசியில் வைப்பார்களே, அதைப் போலக் கார்டைக் கழற்றிச் சாமை மூட்டைக்குள் புதைத்து வைத்தோம். சிரிக்காதீர்கள். எடுத்து மாட்டினால் பின்னால் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. ஆனால் திரையில் கார்டே இல்லை என்று வருகிறது. ஒயரை மாற்றினேன், அப்படியும் அதே பேச்சு. கண் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை, அப்படி ஒரு ஆளே இல்லை என்றால் நான் என்ன செய்வேன்? இன்னொன்று. மெஷினையே ஓட்டுகிற அடி சாஃப்ட்வேர் என்று கெர்னலைச் சொல்வீர்களே, மெஷின் மேல் நீங்கள் எழுதி ஒட்டிய அதன் நம்பர் ஒன்று, இப்போது திரையில் வருகிற நம்பர் வேறு. அது முக்கியமா என்று எனக்குத் தெரியாது.

தம்பி தமிழழகன் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறார். “மச்சான் வெச்ச மெஷின நானே கெடுத்துட்டேங்கா, எம் பொண்டாட்டிக்கு நானே எமனாயிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொள்கிறார். இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சரிவைத் தாண்டி வருவதும் அவர்தான். அவர் நம்பரை நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பதால் கச்சிராயபாளையத்து டீக்கடைக்காரர் போனிலிருந்து அனுப்புவார். பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். அவரை நிற்க வைக்காதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்களையும் அவளையும் ஒரே ஜெபத்தில் சேர்த்துச் சொல்லும்,
அமுதா

வெள்ளிமலை
திங்கட்கிழமை, சாயங்காலம்

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதம் நடந்து வரவில்லை, உங்கள் மெஷின் வழியாகவே வருகிறது.

தம்பி உங்கள் பதிலைத் தன் போனில் படம் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. நீங்கள் சொன்னபடி மெஷினை நிறுத்தி மறுபடி போட்டு, அந்தக் கீயை விட்டு விட்டு அழுத்தினேன். முதல் தடவை தவறிவிட்டது. அடுத்த தடவை கெர்னல் பட்டியல் வந்தது. அதில் பழைய நம்பரைத் தேர்ந்தெடுத்ததும் கார்டு தெரிந்தது, நெட் வந்துவிட்டது. இனி அதை நான் நிறுத்த மாட்டேன்.

டாக்டர் கிராஃபைப் பார்த்தார். துடிப்பு விழுந்து விழுந்து எழுகிறதாம். ஒரு நிமிஷம்கூட வைத்திருக்காதே, கீழே இறக்கு என்றார். சரிவுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. வெளியே ஆட்கள் கட்டிலுக்குக் கயிறு கட்டுகிறார்கள். இருட்டுவதற்குள் கடந்தாக வேண்டும்.

புதுக் கெர்னல் தானாக இறங்கி எப்போதோ வந்து காத்திருந்தது, மெஷின் நின்று எழுந்ததும் அது உட்கார்ந்துவிட்டது, கார்டை மெஷினுக்கு அடையாளம் காட்ட நீங்கள் கையால் செய்து போட்ட டிரைவர் அதற்குப் பொருந்தவில்லை, பூசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தானாக இறங்கும்படி வைத்ததும் நீங்கள்தானாம். நன்றாக இருக்கிறது! அதை வாசித்துக் காட்டினேன். நீங்க எனுக்காக சொல்றீங்கக்கா என்கிறார் தம்பி. நான் சொல்லி அவர் நம்பப் போவதில்லை.

எந்தக் கீ, எந்த வரி எல்லாம் எழுதினீர்கள். இசபெல்லா என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. கடைசிவரை தேடினேன். அண்ணன் இன்னா எழுதினு இருக்குது அண்ணி என்று அவளும் கேட்டாள். மெஷினைப் பற்றி என்று சொன்னேன்.

இப்போது வீடியோ கால் போட்டு வைத்திருக்கிறேன். கட்டிலை மெஷின் பக்கமாகத் திருப்பியாயிற்று. தம்பி அவள் தலைமாட்டில் நிற்கிறார். நீங்கள் காலை எடுத்துவிட்டீர்கள், ஆனால் திரையில் உங்கள் அறைச் சுவரும் காலி நாற்காலியும்தான் தெரிகிறது. இவள் வலியோடு வலியாக அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். நீங்கள் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கட்டிலைத் தூக்கிவிட்டால் மெஷின் அதோடு வராது. கயிற்றில் கடைசி முடிச்சு போடுகிறார்கள். வந்து உட்காருங்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அவரை மாப்பிள்ளை என்று ஒரு தடவை கூப்பிடுங்கள். சீக்கிரம் வாங்க.

உங்கள்
அமுதா