சவுக்குப் பட்டையில் கடல் மணல்

அக்டோபர் 6, திங்கள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து முதல் லோடு வந்தது. சவுக்கு. ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு விவசாயியின் பட்டா நிலத்தில் வெட்டியது என்று ஏஜென்ட் ஆதிநாராயணன் சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சரிபார்ப்பதுதான் என் வேலையே. கட்டை எங்கே வளர்ந்தது, யார் வெட்டினார்கள் என்று விசாரித்து, ஒழுங்கான மரம் என்றால் பச்சை அட்டை கட்ட வேண்டும். அட்டை இருந்தால்தான் எங்கள் கம்பெனியின் பேக்கிங் பெட்டியை வெளிநாட்டுக்காரன் வாங்குவான்.

பட்டையைச் சுரண்டினேன். விரலெல்லாம் வெள்ளை மணல், கூடவே கிளிஞ்சல் தூள். ஆர்.கே.பேட்டையில் ஏது கடல்? அட்டை கட்டவில்லை.

அக்டோபர் 7

லாரி டிரைவரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். லோடு ஏற்றிய இடத்தைச் சொன்னார். எங்கள் குப்பம். நான் பிறந்த குப்பம்.

மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 8

லீவு போட்டுவிட்டு பழவேற்காடு பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போனேன். இறங்கி நடக்கும்போதே வடக்குப் பக்கம் வெறும் வானம். சுனாமிக்குப் பிறகு வனத்துறை கன்று கொடுத்து, அரசு நிலத்தில் ஊரே சேர்ந்து நட்ட சவுக்குத் தோப்பு அது. கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே வேலியாக நின்றது. பாதி இல்லை. தெற்கே, அம்மா வீட்டுக்கு எதிரே மட்டும் மிச்சம். அடுத்தது அதுதானாம்.

அண்ணன் முனிகிருஷ்ணன் மீன் விலை சொல்வது போலச் சொன்னான். அம்மன் கோயில் திருப்பணிக்காக ஊர் கூடித் தோப்பை ஏலம் விட்டதாம். ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று பாடு பிரித்துக் கொடுப்பது ஊர்தான். தோப்பும் அதே மாதிரி பொதுச் சொத்து என்று நினைத்துவிட்டார்கள். திருட்டு என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

“நாம நட்டது, நாம தண்ணி ஊத்துனது. இதுல கவர்மென்ட்டுக்கு இன்னா வேல?” என்றான்.

மழைக்காலம் வருகிறதே, புயல் அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆத்தா பார்த்துக்கொள்வாளாம். கிளம்பும்போது பஸ் வரைக்கும் கூடவே வந்தான்.

“கம்பெனில நீ வாயத் தொறந்தா என் பாடு போயிடும் கலா. அத்த மட்டும் நெனச்சிக்கோ.”

அக்டோபர் 10

மேனேஜர் அருணா மேடம் ஏன் இன்னும் அட்டை கட்டவில்லை என்று கேட்டார். சந்தேகம் இருக்கிறது என்று இழுத்தேன். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சொன்னால் அண்ணன் பிழைப்பு போச்சு. போலீஸ், கேஸ் என்று ஊரையே இழுத்துவிடுவார்களோ? சொல்லாவிட்டால் தெற்குப் பக்கமும் காலி. அப்புறம் கடலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அட்டையைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஒரு முடிச்சு. அதைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. நான் இன்னா பண்ணுவேன்? யார்கிட்ட போய்ச் சொல்வேன்?

பயந்தாங்கொள்ளிக்கு எதற்கடி இந்த வேலை.

அக்டோபர் 13

சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 16

கம்பெனி ஏஜென்ட்டை நிறுத்திவிட்டது. குப்பத்துக்கு வனத்துறை ஜீப் போயிருக்கிறது. ஊர்த்தலைவர் மணவாளனைக் கூட்டிப்போய், பகலெல்லாம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, எச்சரித்து அனுப்பினார்களாம். வெட்டு நின்றது. இந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் குப்பத்துப் பெண் நான் ஒருத்திதான். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு என்ன கஷ்டம்?

அக்டோபர் 19

ஊர்க்கூட்டம் முடிந்ததும் அண்ணன் போன் செய்தான். அவன் பாடு ரத்து. எங்கள் வீட்டு வாசலை ஊரில் யாரும் மிதிக்கக் கூடாது. அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“நாளைக்கு தீபாவளி. வந்துடாத” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

நவம்பர் 4

பஸ் ஸ்டாப்பிலிருந்து பைக் ஒன்று பின்னாலேயே வந்தது. ஓடிவந்து கதவைத் தாழ் போட்டேன். அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 29

புயல் சின்னமாம். எந்நேரமும் டிவி முன்னால்தான். வரைபடத்தில் அந்தச் சுழி நம் கரையையே பார்க்கிறது. மிச்சத் தோப்பு தாங்குமா? தாங்கணும். அம்மா, தாங்கணும்.

டிசம்பர் 2

ராத்திரி முழுக்கக் காற்று. இங்கேயே பக்கத்து கம்பெனியின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. காலையில், கூடாது என்று தெரிந்தும் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தாள். பேசவில்லை. வைக்கவும் இல்லை. அவள் மூச்சு கேட்டது. பின்னால் ஒரே ஜனச் சத்தம். குழந்தை ஒன்று அழுதது, யாரோ ஈரத் துணியை மாற்றச் சொன்னார்கள். அப்புறம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே ஊர்த்தலைவர் மணவாளன் குரல்:

“கங்கம்மா, இன்னொரு பாய் இருந்தா போடு. வடக்குத் தெருவெல்லாம் தண்ணி. ஜனம் இன்னும் வந்துகினே கீது.”

அம்மா பாய் எடுக்கப் போனாள். போனைக் கட் பண்ணாமலேயே போனாள்.