தங்கச்சி கொடுத்த மன்னிப்பு

பிப்ரவரி 4

என் ஊமச்சிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். தன் முழங்கால் மட்டும் சுகமில்லை என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. உன் போன கடிதம் முன்பக்கத்தோடு முடிந்துவிட்டது. வாய்தான் பேசாது, பேனாவுமா? விடுதி அறையில் கூட இருக்கிறவள் நல்லவளா, குறட்டை விடுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பருவத்து பீஸைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். கடைசி நாள் பதினைந்து என்றாய், அதற்குள் வந்துவிடும்.

போனில் சொல்ல முடியாத ஒன்றை எழுதப் போகிறேன். போனை எடுத்தாலே அம்மா என் தோளில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

எங்கள் சலவைக்கூடத்தில் என்கூட வேலை பார்க்கிற நெட்டைக்குக் கை வெந்துபோனது என்று சொன்னேன் அல்லவா? மீதியைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு இஸ்திரி போடுகிற மெஷின் அது. முன்னால் ஒரு கம்பி இருக்கிறது. கை பட்டால் உருளை நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். அப்படி நின்று நின்று போனால் லோடு எப்போது முடிவது? அதனால் ஒரு பழைய தலையணை உறையைக் கிழித்து அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டினேன். ஷிப்ட் லீடர் நான்தானே. நெட்டை, "வேணாம்டி, பயமா இருக்கு" என்றாள். "பயமா இருந்தா வீட்ல போய்ப் படு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரமே அவள் வலது கை விரிப்போடு உள்ளே போனது.

அவளை வண்டியில் ஏற்றிய பிறகு, மேனேஜர் வருவதற்குள் கம்பியில் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டேன். "கவனிக்காம கைய விட்டுட்டா சார்" என்றேன். நெட்டை உண்மையைச் சொன்னாள். யாரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நஷ்டஈடும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறாள். போதகர் எல்லோருக்கும் பொதுவாகப் பாவமன்னிப்புச் சொல்லும்போது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அது என்மேல் ஒட்டமாட்டேன் என்கிறது. தனியாகப் போதகரிடம் போகவும் பயம். நம் லுத்தரன் சபையில் விசுவாசி யார் வேண்டுமானாலும் இன்னொரு விசுவாசிக்குப் பாவமன்னிப்பைச் சொல்லலாம் என்று நீ ஒருமுறை சொன்னாய். அப்படியானால் நீ சொல். நம் வீட்டில் வேதக் கல்லூரியில் படிக்கிறவள் நீ ஒருத்திதான்.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இங்கே தனியாக அழ வேறு இடமில்லை. கூட இருக்கிறவள் நல்லவள். குறட்டை உண்டு.

நீ கேட்டது சரி. அதைச் சொல்லப் போதகர் அங்கி தேவையில்லை. நம் சபைக்குக் காரணமான துறவியைப் பற்றி இந்த மாதம்தான் படித்தோம். மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வாராம். முடித்துவிட்டு வெளியே போனவர், இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது என்று திரும்பி வந்து நிற்பாராம். கேட்கிற குருவானவரே அலுத்துப்போவாராம். எவ்வளவு செய்தால் போதும் என்று தேடித் தேடித்தான், எதுவும் செய்து அதை வாங்க முடியாது என்று கண்டுபிடித்தார். கிருபை இலவசம். நாம் நல்லவர்களானதால் கடவுள் ஏற்றுக்கொள்வதில்லை, அவர் ஏற்றுக்கொண்டதால்தான் நமக்கு நல்லது செய்யவே தெம்பு வருகிறது.

அதனால் அக்கா, நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை. கிறிஸ்துவின் பெயரால் சொல்கிறேன்: உன் பாவம் உனக்கு மன்னிக்கப்பட்டது. சந்தேகப்படாதே. சமாதானமாகப் படுத்துத் தூங்கு.

பணம் நேற்று வந்தது. இன்றே கட்டிவிடுகிறேன். அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ஊமச்சி


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனிலும் அம்மாதான் பேசினாள். "உங்கக்கா முன்ன மாதிரி இல்ல, நல்லாத் தூங்குறா" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

தத்துவ வகுப்பில் மன்னிப்பைப் பற்றி நடக்கிறது. போன நூற்றாண்டின் பெரும் படுகொலைகளுக்குப் பிறகு சில தத்துவவாதிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: அடிபட்டவன் இருக்க, அவனுக்குப் பதிலாக வேறு யார் மன்னிக்க முடியும்? இன்னொரு கட்சி வேறு மாதிரி சொன்னது. நிபந்தனை போட்டுக் கொடுத்தால் அது மன்னிப்பே இல்லை, வியாபாரம் என்றது. இரண்டும் சரி என்று எனக்குப் பட்டது. அதுதான் சங்கடம். பேராசிரியர் என்னைக் கேட்டார், நான் மேஜையைப் பார்த்தேன். முன்பு வக்கீலாக இருந்த ஒருவர் எங்களோடு படிக்கிறார். "அவங்களுக்கு வாய்தா குடுத்துடுங்க சார்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் சபை வரலாறு. பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காலம். பெட்டியில் காசு விழும், கையில் சீட்டு வரும், வாங்கினவன் பழைய வேலையையே பார்க்கப் போவான். நம் சபை பிறந்ததே அதை எதிர்த்துத்தான். பேராசிரியர் சந்தையில் கூவுகிறவர் மாதிரி விற்றுக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டுக்குள் இருந்த பீஸ் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, உன் பணம் வந்தது, என் சீட்டு உனக்கு வந்தது. நீ உண்மையைச் சொன்னால் வேலை போகும், உன் வேலை போனால் என் படிப்பு போகும். இது தெரியாமலா எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று எழுதினேன்? நெட்டையின் கையைப் பற்றி ஒரு வரிகூட விசாரிக்கவில்லை. அன்றைக்கு எழுதிய மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ அவளிடம் போ. மேனேஜரிடம் போ. நடந்ததைச் சொல். பிறகு பார்க்கலாம்.

உன் தங்கச்சி


மார்ச் 9

தங்கச்சிக்கு,

உன் இரண்டாவது கடிதம் வந்த அன்று காலையில்தான் என் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன்.

முதல் கடிதம் வந்தபோது நடந்ததைக் கேள். உடை மாற்றும் அறையில் வைத்துப் படித்தேன். அன்றைக்குத் தூங்கினேன் பார், அம்மா வந்து மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்த்தாளாம். நாலைந்து நாள் அப்படி நிம்மதியாகப் போனது. பிறகு ஒன்று தோன்றியது. இனி என்னை யாரும் நரகத்துக்கு அனுப்பப் போவதில்லை, அப்புறம் நெட்டையைக் கண்டு எதற்கு ஒளிகிறேன்? கோயில் முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

மாடிப்படியிலேயே மறித்துவிட்டாள். "எங்கடி வந்த? மன்னிப்பு கேக்கவா?"

"அது கிடைச்சிருச்சு. ஆபீஸ்ல உண்மையச் சொல்லப் போறேன். நீயும் கூட வா."

"கிடைச்சிருச்சா? யாரு குடுத்தா?"

"என் தங்கச்சி. வேதக் கல்லூரியில படிக்கிறாளே."

சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏண்டி, வெந்தது என் கையா, உன் தங்கச்சி கையா?"

படியிலேயே நின்றேன். அவள் உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். "உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. நீ மாத்திப் பேசுவ, அதான் கூட வரேன்" என்றாள். மறுநாள் மேனேஜர் முன்னால் அவளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு நஷ்டஈடு தர ஒத்துக்கொண்டார்கள். வேலையும் உண்டு, துணிகளை எண்ணிப் பார்க்கிற பிரிவில். அவள் விரல் இரண்டு இனி மடங்காது. எனக்கு வேலை போய்விட்டது. அது சரிதான்.

சரியில்லாதது உன் கடிதம். திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றாயே, எதை? அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வீட்டுப் படி ஏறினேன். இந்தக் கடிதம் முதலில் வந்திருந்தால் பயந்துபோய் இன்றைக்கும் விரிப்புதான் மடித்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் தேதியைப் பார்த்தேன். பீஸ் கட்டுகிறவரைக்கும் நான் தூங்கலாம், கட்டின பிறகு நான் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவள்தான். தேதி பார்க்கத் தெரியும்.

அடுத்த பருவத்துக்கு என்னால் அனுப்ப முடியாது.

அக்கா


மார்ச் 16

அக்கா,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. அன்பு இல்லாததால் அல்ல.

தேதியை நீ சரியாகத்தான் பார்த்தாய். இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது. உனக்கு முதலில் எழுதிய தாளில் "நெட்டையைப் போய்ப் பார்" என்று ஒரு வரி இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த வரி இல்லாமல் வேறு தாளில் எழுதினேன். இலவசக் கிருபைக்கு இடையில் நிபந்தனை வரக் கூடாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நல்ல விளக்கம். பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். உண்மையில் எனக்கு இங்கேயே இருக்க வேண்டும் என்றிருந்தது. ஜன்னல் பக்கத்து மேஜை, நூலகம், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பேராசிரியர், இவற்றையெல்லாம் விட மனமில்லை.

திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியதும் தப்பு. பழைய சபையில் இதே வழக்கு வந்திருக்கிறது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தின காலத்தில் வேதப் புத்தகங்களை எரிக்கக் கொடுத்துவிட்டு உயிர் தப்பிய குருமார்கள் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. செல்லும், ஏனென்றால் அது அவர்கள் வீட்டுச் சொத்தில்லை என்று முடிவானது. அதன்படி பார்த்தால் நான் உனக்குச் சொன்னதும் செல்லும். என் கை கோணல் என்பதால் நீ ஏமாந்துபோகவில்லை. நீ அதை நம்பிப் போய்விட்டாய். நான்தான் நம்பாமல் விற்றிருக்கிறேன். அந்தக் குருமார்கள் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

அடுத்த பருவம் சேரவில்லை என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். முப்பதாம் தேதிக்குப் பிறகு வருகிறேன். வேலை தேடுகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். நீ என்னிடம் கேட்டதைத்தான் கேட்கிறேன். அந்த வார்த்தையை எனக்கு நீ சொல் அக்கா.

ஊமச்சி


மார்ச் 24

ஊமச்சிக்கு,

இரண்டு நாள் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ கேட்டதை எழுதியும் பார்த்தேன். படித்தால் நான் மேனேஜரிடம் முதல்நாள் சொன்ன பொய் மாதிரியே இருந்தது. கிழித்துவிட்டேன்.

கடவுளுடைய மன்னிப்பை உங்கள் கல்லூரிப் போதகர் யாரிடமாவது இன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள். அது இலவசம் என்று நீ எழுதியதை நான் இப்போதும் நம்புகிறேன். என்னுடையது வர நாளாகும். எவ்வளவு நாள் என்று என்னைக் கேட்காதே. நானும் நெட்டையைக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு ஓட்டலில் மேஜைத் துணி துவைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவு. படிப்பை முழுக்க விட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிடாதே, ஒரு வருடம் நிறுத்தி வைக்க முடியுமா என்று வாயைத் திறந்து கேள். அதையாவது பேசு.

உன் அறையை வாடகைக்கு விட்டாயிற்று. தையல் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நீ என் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். சின்ன வயதில் மாதிரி உதைக்காதே. விளக்கை அணைத்த பிறகு நான் ஒன்றும் பேசாமல் இருந்தால், தூங்கிவிட்டேன் என்று நினைத்து நீயும் திரும்பிப் படுத்துவிடாதே.

வா.

அக்கா