நிம்றாவுக்குத் தெரிந்த இணைய இலக்கத்தைத் தக்கவைத்துத் தரக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி பைறோஸா இப்திகார்,
ஹம்டன் ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
முறைப்பாட்டு அதிகாரி அவர்கள்,
அலைவழி இணையச் சேவை நிறுவனம்,
கொழும்பு 04.

விடயம்: வீட்டு கேம் சேர்வருக்கான வெளித்தொடர்பை அடைத்தமை

கனம் ஐயா,

1. எங்கள் இணைப்புக்கு மேலதிகக் கட்டணம் செலுத்தி, மாறாத இணைய இலக்கம் (ஐ.பி. முகவரி) ஒன்றைப் பெற்றிருக்கிறோம். நிலுவை ஏதுமில்லை. கணவரின் கடையில் ஒதுக்கிய பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, வீடு கட்டும் விளையாட்டு ஒன்றுக்கான சேர்வரை நானே நடத்தி வருகிறேன். விளையாட்டுக்கெனத் தனிப் பயனர் கணக்கு உண்டு. அந்தக் கணக்கால் கணினியின் வேறெதையும் தொட முடியாது. விளையாடுவோர் வத்தளையிலும் வெளிநாடுகளிலும் உள்ள எங்கள் சொந்தக்காரர். யாரிடமும் சல்லி வாங்குவதில்லை.

2. தொழுகை நேரத்தில் விளையாட்டு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகையால் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் சேர்வர் தானே நின்று, பின் தானே தொடங்கும்படி எழுதி வைத்தேன். அது நின்றிருக்கையில் விளையாடுபவர்களின் கணினிகள் பல நாடுகளிலிருந்தும் இணைப்புக் கேட்டு விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் என்பதை யோசிக்கவில்லை. தங்கள் கருவி அதைத் தாக்குதல் என்று எடுத்து, சென்ற வாரம் வெளியிலிருந்து வரும் தொடர்பை அடைத்துவிட்டது.

3. அலுவலகத்தில் விசாரித்தபோது அங்கிருந்த தம்பி மரியாதையாகவே, "ஆன்ட்டி, இது கம்பெனிக்காரங்க செய்ற வேல, வீட்டு லைன்ல செய்யேலா. ஹஸ்பண்ட வரச் சொல்லுங்க" என்றார். அடைபட்ட இலக்கத்தை மாத முடிவில் எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பார்கள் என்றும் சொன்னார்.

4. எங்கள் மகள் நிம்றா தன் விருப்பப்படி திருமணம் செய்து வெளிநாடு போனவர். கணவர் அவருடன் கதைப்பதில்லை. மகளின் தொலைபேசி இலக்கம் எங்களிடம் இல்லை. அவர் வீட்டிலிருந்த காலத்தில் நானும் அவரும் சேர்ந்துதான் சேர்வரை அமைத்தோம். அந்த இணைய இலக்கத்தை அவர் மறக்கவில்லை. சென்ற நோன்புப் பெருநாளன்று சொல்லாமல் விளையாட்டுக்குள் வந்து, அங்குள்ள என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வராமல் விடுவார் என்று பயம். கணவர் என் பின்னால் நின்று பார்ப்பார். ஒருநாள், "கூரய இன்னும் போடல்லயே, மழ பேஞ்சா என்ன செய்யப் போறா" என்றார். அன்றே நான் விளையாட்டில் கூரைக்குப் பலகை கொண்டுபோய் மகளின் வாசலில் வைத்தேன்.

5. நிறுத்தித் தொடங்கும் ஏற்பாட்டை இப்போது நீக்கிவிட்டேன். தொழுகைக்கு நாங்களே எழும்பிப் போவோம். ஆகவே அடைத்ததைத் திறந்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தாமதமானால், விசாரணை முடியும் வரையாவது இந்த இலக்கத்தை வேறெவருக்கும் கொடுக்க வேண்டாம். புதிய இலக்கம் தந்தால் அதை மகளுக்கு அறிவிக்க எங்களுக்கு வழியில்லை.

இணைப்பு கணவரின் பெயரில் இருப்பதால் அவரும் ஒப்பமிட்டுள்ளார். நான்காம் பந்தியை இரண்டு தரம் வாசித்தார். ஒன்றையும் வெட்டச் சொல்லவில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

பைறோஸா இப்திகார்
(ஒப்பம்)

எம். இப்திகார், இணைப்பின் உரிமையாளர்
(ஒப்பம்)

வெள்ளவத்தை
18.11.2024