கண் திறக்காத சம்மனசு

சாந்தோம்,
செப்டம்பர் 20

அன்பு மகன் டெரிக்குக்கு,

இங்கே நானும் பழைய ஃப்ரிட்ஜும் ஆண்டவர் கிருபையால் ஓடிக்கொண்டிருக்கிறோம். கனடாவில் நீயும் உன் குளிரும் சுகமாக இருக்க வேண்டும். விசா சிக்கலில் மர்சலின் சித்தியின் அடக்கத்துக்கு நீ வர முடியாததை யாரும் தப்பாகப் பேசவில்லை. ஜொவிட்டா அத்தை அழுத அழுகையில் சாந்தோம் கடல் இரண்டடி உயர்ந்துவிட்டது. எனக்குத்தான் ஒரு சொட்டு வரவில்லை, இன்றுவரை. சாப்பிடுகிறேன், பூசைக்குப் போகிறேன், மாத்திரை போடுகிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது, உடம்பு முழுக்க. சித்தியின் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியாமல், கொடியிலிருந்து எடுத்த துணியை அதில் போட்டு வந்தேன். குவியல் வளர்ந்து, தோள் வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவள் டி.வி. பார்க்கிற மாதிரியே உட்கார்ந்துவிட்டது. அத்தை மடிக்க வந்தாள், கையை எடு என்று கத்திவிட்டேன். சிலை எப்படித் தோன்றியது என்று அறிஞர்கள் ஆயிரம் சொல்லட்டும், நான் கண்டுபிடித்துவிட்டேன். உலகத்தின் முதல் சிற்பி உளியையே பார்த்திருக்க மாட்டான். ஆள் இல்லாத இடத்தைப் பார்க்கப் பயந்து அங்கே எதையோ வைத்தவன்தான் அவன்.

அதனால்தான் கல்லறைக்குச் சித்தி முகத்தோடு ஒரு சம்மனசு, தேவதூதர் சிலை, செய்யச் சொன்னேன், இறக்கையை விரித்தால் அடையாறு பாலத்தில் பஸ் நிற்கிற அளவுக்கு. கொட்டிவாக்கத்தில் கோயில் சிலை செதுக்கும் செந்தில்குமார் அதை என் இடுப்பு உயரத்துக்குக் குறைத்துவிட்டார். நேற்று போய்ப் பார்த்தேன். அதே மூக்கு, அதே பிடிவாதத் தாடை. கண் இருக்கிற இடம் மட்டும் வழவழவென்று வெறுமை. வேலை முடியவில்லையா என்று சத்தம் போட்டேன். "கண்ணைக் கடைசியாத்தான் தொறப்போம் சார். வூட்டு ஆளுங்க எதுர்ல நிக்கணும். மொதல்ல யாரைப் பாக்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். சம்மனசுக்கு அந்த வழக்கம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவன், யாரைச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். என் மூஞ்சியை அவள் நாற்பது வருஷம் பார்த்து அலுத்தவள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்கக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும், "டெரிக்கா பாருங்க" என்பாள். உன்னைப் பெற்றவள் போன பிறகு தூக்கி வளர்த்தவள் அல்லவா. கண் காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எப்படியாவது வந்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. மறக்காமல் தாடியை எடுத்துவிட்டு வா. சித்தி உன்னைத் தாடியோடு பார்த்ததில்லை.

இப்படிக்கு,
சாந்தோம் சக்கரவர்த்தி, தற்சமயம் சமையல்காரன்,
உன் ஹென்றி சித்தப்பா