மஞ்சள் தொப்பி ஜோடி

பிப்ரவரி 3

கடையில் இன்று கடைசியாகக் கண் காட்ட வந்தவர், "முதல்ல போட்டதுதான் தெளிவு... இல்ல, ரெண்டாவது... அட, நீயே ஒண்ணச் சொல்லும்மா" என்று பொறுப்பை என் தலையில் கட்டப் பார்த்தார். நான் விடுவேனா? லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று காலையிலிருந்து மாலை வரை கேட்பதுதானே என் பிழைப்பு.

நாளை மறுநாள் தேனிலவு. கண்ணாடிக் கடை முதலாளியின் கல்யாணப் பரிசு. புதிதாகக் கல்யாணமானவர்களை மட்டும் ஒரு சின்ன பஸ்ஸில் ஏற்றி மலையெல்லாம் சுற்றிக் காட்டுவார்களாம். கும்பலாகப் போவதில் எனக்கு உள்ளூர நிம்மதி. கல்யாணமாகி இரண்டு வாரம்தான் ஆகிறது. வீட்டில் பார்த்து முடித்தது. தனியாகப் போனால் இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

அவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் லிப்டில் ஏறியதும் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்கிறார். பெண்டாட்டி பக்கத்தில் நிற்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வருகிறது. என்னை "நீங்க" என்கிறார். நானும் "நீங்க". வங்கி கவுன்டரில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 5

பஸ்ஸின் பின் கண்ணாடி முழுவதும் ஒரு ராட்சத இதயம் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே நாலு ஜோடிகள், டிரைவர் அண்ணன், கழுத்தில் விசிலோடு ஒரு டூர் மேனேஜர்.

முன் சீட்டில் பட்டாசு ஜோடி. அவள் நர்ஸ், அவன் ஓட்டலில் சமையல் மாஸ்டர். பஸ் கிளம்புவதற்குள் மூன்று சண்டை. எங்களுக்குப் பின்னால் புறா ஜோடி. இருவரும் ஒரே ஆபீஸ், ஒரே நிறச் சட்டை. நிமிஷத்துக்கு ஒரு போட்டோ. கடைசி சீட்டில் சீனியர் ஜோடி. இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது, இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். பஸ்ஸிலேயே சத்தமாகச் சிரிப்பது அவர்கள்தான்.

தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஓட்டெடுப்பு நடக்கும், ஜெயித்த "இன்றைய ஜோடி" மறுநாள் முழுக்க மஞ்சள் தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் விசிலடித்து அறிவித்தார். தொப்பியில் நெற்றிக்கு நேராக இரண்டு இதயம். நல்லவேளை, அது நமக்கு வராது.

பிப்ரவரி 6

ஒரே கோபம். எழுதினால்தான் அடங்கும்.

காலையிலிருந்து கவனித்துக்கொண்டே வந்தேன். "தலை வலிக்குது" என்றேன். "தலை வலிக்குது. சரி" என்றார். "ஜன்னலைச் சாத்துங்க" என்றேன். "ஜன்னலைச் சாத்தணும். சரி." சாத்தினார். "கொஞ்சம் தண்ணி குடுங்க." "கொஞ்சம் தண்ணி. சரி." என் பேச்சை எனக்கே படித்துக் காட்டுகிறார்! பின்னால் புறாப் பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் அப்பா இதைத்தான் செய்வார். அம்மா சொன்னதை அப்படியே இழுத்து இழுத்துத் திருப்பிச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அப்புறம் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். அவள் பேசுவதே குறைந்துபோயிற்று. கடைசி வருஷங்களில் அவள் குரல் எப்படி இருந்தது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எனக்கு இப்படி ஒருத்தன் வந்தால் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன் என்று சின்ன வயசிலேயே முடிவு செய்தவள் நான்.

டீக் குடிக்க நிறுத்தியபோது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். "என்னைப் பாத்தா கேலியா இருக்கா உங்களுக்கு? இனிமே நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லாதீங்க!"

அவர் வாயைத் திறந்தார். அதையும் திருப்பிச் சொல்லத்தான் திறந்திருக்கிறார், சத்தியமாக! பிறகு மூடிக்கொண்டார். அதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச வேண்டாம். நல்லது.

பிப்ரவரி 7

மஞ்சள் தொப்பி எங்களுக்கு.

சிரிப்பதா அழுவதா? மற்ற ஆறு பேரின் ஓட்டும் எங்களுக்கே. "இவங்க ரெண்டு பேரும் வார்த்தையே இல்லாம பேசிக்கிறாங்க" என்று புறாப் பையன் நெகிழ்ந்து போனான். "அவர் கை நீட்டறதுக்குள்ள இந்தப் பொண்ணு உப்பை நகர்த்தி வைக்குது பாருங்க!" என்றார் சீனியர் அம்மா. அவர் கை நீட்டி என் தட்டுக்குக் குறுக்கே வரக் கூடாது என்றுதான் நகர்த்தினேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிப்ரவரி 8

தொப்பியோடு அருவி பார்த்தோம். தொப்பியோடு படகில் போனோம். தொப்பியோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மதியம் நர்ஸ் என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரை எப்படி இப்படிப் பழக்கினீங்க? ஒரு சத்தம் இல்ல, ஒரு எதிர்ப்பேச்சு இல்ல. எங்க ஆள் தண்ணியை மூடி வைன்னா மூணு கேள்வி கேக்கறான்." நான் என்னத்தைச் சொல்ல? "பொறுமையா இருக்கணும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி வைத்தேன். கொஞ்ச தூரத்தில் சமையல் மாஸ்டர் இவர் தோளில் கை போட்டு அதே ரகசியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இவர் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் ஓட்டல் வராந்தாவில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். பதினொன்றாம் தேதி பஸ் ஒரு ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகிறது, அங்கே இறங்கி உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றேன். "அடிச்சானா?" என்றாள். இல்லை. "குடிக்கிறானா?" இல்லை. "பின்ன என்னடி?" எப்படிச் சொல்வது? நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அதனால் வருகிறேன் என்றா? சொல்லிப் பார்த்தால் எனக்கே உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கும் அப்படித்தானே ஆரம்பித்திருக்கும்?

கடைசியில் அக்கா, "வா, கதவு திறந்துதான் இருக்கும்" என்றாள்.

பிப்ரவரி 9

மறுபடியும் தொப்பி. கடவுளே.

பிப்ரவரி 10

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மலையில் பாதி ஏறியதும் ஒரு வளைவுக்கு அப்பால் மரம் விழுந்து பாதையை அடைத்திருந்தது. முன்னால் போக வழியில்லை. திரும்ப இடமில்லை. பின்னால் இருக்கும் அகலமான இடம் வரைக்கும் பஸ்ஸை ரிவர்ஸிலேயே கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின் கண்ணாடியில் அந்த ராட்சத இதயம்! டிரைவர் அண்ணனுக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை.

எல்லோரும் இறங்கினோம். இறங்கியதும் ஆளாளுக்கு டிரைவர் ஆனார்கள். "வலது!" என்று நர்ஸ். "இடதுடி, உனக்கு என்ன தெரியும்!" என்று மாஸ்டர். மேனேஜர் எதற்கு என்றே தெரியாமல் விசிலடித்தார். டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "யாராவது ஒருத்தர் பேசுங்கப்பா!" என்று கத்தினார்.

அப்போதுதான் இவர் குரல் கேட்டது. நாலு நாளாகக் கேட்காத குரல்.

"எல்லாரும் பாறைப் பக்கம் போய் நில்லுங்க. யாரும் பேசக் கூடாது. நான் பின்னாடி நின்னு சொல்றேன். இன்ஜின் சத்தத்துல அண்ணனுக்கு என் குரல் எட்டாது. நடுவுல ஒருத்தர் வேணும்." சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "நீங்க நிக்கறீங்களா? நான் சொல்றதை நீங்க..." அங்கே நின்றுவிட்டார். காது சிவந்துவிட்டது. "நீங்க அப்படியே திருப்பிச் சொல்லணும். அண்ணனும் திருப்பிச் சொல்லணும். சொன்ன பிறகுதான் பஸ் நகரணும்."

"ஏன்ப்பா, காதுல விழுந்தா செஞ்சிட மாட்டேனா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"லிப்ட் வேலைல கீழே குழிக்குள்ள ஒருத்தர் இருப்பாரு, மேல மெஷின் ரூம்ல ஒருத்தர். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. மேல இருக்கறவர் திருப்பிச் சொன்னாதான் அவருக்குக் கேட்டிருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா கீழ இருக்கறவர் கையைக்கூட அசைக்க மாட்டாரு அண்ணே."



அவர் பஸ்ஸுக்குப் பின்னால் போனார். நான் நடுவில், பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு.

"மெதுவா பின்னாடி."

"மெதுவா பின்னாடி!" என்றேன். முன்னாலிருந்து, "மெதுவா பின்னாடி!" பஸ் நகர்ந்தது.

"வலது கொஞ்சம்."

"வலது கொஞ்சம்!"

இப்படியே போனோம். அவர் பின்னால் பார்த்துக்கொண்டே நடக்கிறார். பஸ் அவரை நோக்கியே வருகிறது. நான் ஒரு வார்த்தையை விட்டால், மாற்றிச் சொன்னால், அவர்மேல்தான் ஏறும். வளைவில் பாறை அவர் முதுகை ஒட்டியது, பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் அவருக்கும் நடுவில் கையகலம்தான் மிச்சம். "நிறுத்து" என்றார். கத்தக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் கண் பஸ்ஸின்மேல் இல்லை, என்மேல் இருந்தது. "நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் சீனியர் அம்மா காதைப் பொத்திக்கொண்டாராம். பஸ் நின்றது. அவர் தலையை ஆட்டிவிட்டு, சிரித்தார்.

அகலமான இடம் வந்து பஸ் திரும்பியதும் ஒரே ஆரவாரம். மாஸ்டரும் நர்ஸும் கட்டிக்கொண்டார்கள். பிறகு வலது இடது பற்றி மறுபடி சண்டை போட்டார்கள். இவரைச் சுற்றிக் கூட்டம். அதன் பிறகு ஓட்டல் வரும்வரை அவரை டிரைவர் அண்ணன் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். எனக்குப் பேச வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் என்ன பேசுவேன்?

தலை வலிக்குது. சரி. ஜன்னலைச் சாத்தணும். சரி. அது கேலி இல்லை. நீ சொன்னது எனக்குக் கேட்டது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். அம்மா சொன்னது ஒன்றாவது அந்த வீட்டில் யாருக்காவது கேட்டதா? நானோ கேட்டவரைப் பிடித்து வாயை மூடு என்றிருக்கிறேன்.

எனக்கே என்மேல் கோபம் கோபமாக வருகிறது. அவரை அப்பாவோடு சேர்த்துப் பார்த்துவிட்டேன். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 11

காலையில் கண் விழித்தால் அறையில் அவரும் இல்லை, என் பெட்டியும் இல்லை. பஸ் கிளம்பும் அவசரம், விசில், தலைகால் புரியாத ஓட்டம். அவர் மறுபடி டிரைவர் அண்ணன் பக்கத்தில்.

ரயில் நிலையத்து வாசலில் பஸ் நின்றது. மேனேஜர் பழம் வாங்கப் போனார். இவர் இறங்கி, பின்னாலிருந்து என் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார். இறங்கி ஓடினேன்.

"அன்னைக்கு வராந்தாவுல அக்காகிட்ட பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு. உள்ள வரைக்கும் தூக்கிட்டு வரட்டுமா, இல்ல நீங்களே போயிக்கறீங்களா?"

இந்த மனுஷன் என்னைத் தடுக்கக்கூட இல்லையே என்று ஒரு நொடி கோபம் வந்தது. அப்புறம் புரிந்தது. நான் சொன்னதாக இவர் காதில் விழுந்ததைச் செய்கிறார், அவ்வளவுதான். திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் வழியைத்தான் நான் அடைத்துவிட்டேனே.

"பெட்டியைத் திரும்ப பஸ்ல வைங்க" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். தூக்காமல் அப்படியே நின்றார்.

"திருப்பிச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"பெட்டியை..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெட்டியைத் திரும்ப பஸ்ல வைக்கணும். சரி."

நடுரோட்டில் அழுதுவிட்டேன். பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள். "ஏதோ புது விளையாட்டு போல இருக்கு!" என்றது புறா, போட்டோவும் எடுத்தது.

மதியம் பஸ்ஸில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒண்ணு கேக்கணும். நீங்க எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா கேக்கறீங்களே. இந்தச் சட்டை நல்லாருக்கா, முன்னாடி போட்டது நல்லாருந்துச்சா? இந்த சீட் வசதியா, அந்த சீட்டா? நான் செஞ்சது எதுவுமே உங்களுக்குப் பிடிக்கலையோன்னு..."

நான்? நானா அப்படிக் கேட்கிறேன்? கல்யாணமானதிலிருந்தா? சிரித்து சிரித்து வயிறு வலித்துவிட்டது. இந்த ஆளுக்கு நான் மூன்று வாரமாகக் கண் டெஸ்ட் செய்துகொண்டிருந்திருக்கிறேன்!

பிறகு விடாமல் பேசினோம். நடுவில் ஒரு சின்னச் சண்டையும் போட்டோம், சத்தமாகவே. இரவு ஓட்டெடுப்பில் ஒரு ஓட்டுகூட விழவில்லை. "என்ன ஆச்சு உங்களுக்கு, நல்லாத்தானே இருந்தீங்க?" என்று நர்ஸ் உண்மையாகவே கவலைப்பட்டாள். மஞ்சள் தொப்பி சீனியர் ஜோடிக்குப் போனது. அவர்களுக்கு அது நன்றாகவும் இருந்தது.

பிப்ரவரி 13

வீடு. அக்காவுக்குப் போன் போட்டேன். "கதவைச் சாத்திக்கவா?" என்றாள்.

மார்ச் 9

கடையில் இன்று கூட்டம். ஒரு பெரியவருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். "ரெண்டாவதுதான் தெளிவு" என்றார்.

"ரெண்டாவது தெளிவு. சரி" என்றேன்.

"கீழ்வரி கொஞ்சம் மங்கல்."

"கீழ்வரி கொஞ்சம் மங்கல். சரி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, என்னைப் பாத்தா கேலியா இருக்கா உனக்கு?"

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! மன்னிப்புக் கேட்டு, நல்ல பிரேமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னால், அவர் தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவருக்குக் கோபம் வந்துச்சு. சரி" என்றார். பிறகு இரண்டு டம்ளரில் காபி எடுத்துக்கொண்டு வந்து கேட்கிறார்:

"உனக்கு இது போதுமா, அது போதுமா?"