யூரியா போட்ட கல்வாழை

ஏங்க,

ரசம் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்கங்க. ஆத்தாவப் பாக்க இலுப்பூர் போறேன்.

நேத்து கல்வாழைப் பூவக் காட்டி, எலை வெளுத்திருந்துச்சு, யூரியா போட்டேன்னு சொன்னீங்க. கத்திட்டேன். ஊருணிக்குப் போற நம்ம வீட்டுக் கழிவுத்தண்ணியில இருக்குற உரச்சத்த அது உறிஞ்சட்டும், ஊருணி பாசி பிடிக்காம இருக்கட்டும்னுதானே நட்டேன்? அது உறிஞ்சித் தண்ணியில சத்து கொறஞ்சதாலதான் எலை வெளுத்துச்சு. அதப் பாத்து உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன். இப்ப யூரியாவும் சேந்து ஊருணிக்குப் போகுது.

போகட்டும். தெருவுல மத்த எல்லாரும் நேரா அங்கிட்டுத்தான் விடுறாங்க. நம்ம பைப்பையும் காலையில ஊருணிப் பக்கமே திருப்பி விட்டுட்டேன்.

உண்ணாமலை

இனி செடிக்குத் தண்ணி வராது, வாடிரும். ஒரு கொடம் நல்ல தண்ணி ஊத்துங்க. பூ அழகாத்தான் இருக்கு.