கணக்குப்பிள்ளையைத் தப்பவிட்டு டாக்டரைக் கொலைகாரனாக்கினேன்

பேய்களையே வெட்கப்படவைத்த மகாராணியே, பிள்ளைப்பாக்கத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பதினெட்டு லோகங்களுக்கும் ஒரே அக்காவான என் தனம் அக்காவுக்கு,

உன் தம்பி துரைசாமி எழுதுகிறேன். உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால், எழுதிக்கொண்டே உரக்கப் படிக்கிறேன். என் சம்சாரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மனுஷனுக்கு முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நான் பொய் சொன்னது பதினைந்து பேர் எதிரில். உண்மையைச் சொல்வதும் நாலு பேர் காதில் விழட்டும்.

நீ கண்ணை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதலில் உலகச் செய்தி கேள். நம் தெருவுக்கு வீடியோ டெக் வந்துவிட்டது. போன மாசம் வாடகைக்கு எடுத்து வந்து, பகல் முழுக்க மூன்று படம் ஓட்டினார்கள். அதில் ஒன்று பேய்ப்படம். ஐயோ அக்கா, அந்தப் பேய் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பல்லைக் காட்டியது, நகத்தைக் காட்டியது, கழுத்தை முன்னூற்று அறுபது டிகிரி சுற்றியது. அரை மணி நேரத்தில் எனக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டது. காபி சாப்பிடுகிறாயா என்று கேட்காததுதான் பாக்கி. பேயை முழுசாகக் காட்டுகிறவனுக்குப் பயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது என் தீர்ப்பு. நீ இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் முடித்திருப்பாய்.

டூரிங் கொட்டகையில் அந்த வெள்ளைப் புடவைப் பேய் நடந்துவந்தபோது மொத்த மணல் தரையும் அலறியது. நீ மட்டும் என் முழங்காலைத் தட்டி, "செத்தவளுக்கு யாருடா இஸ்திரி போட்டுக் குடுத்தாங்க?" என்றாய். நம்மைச் சுற்றி இருபது பேர் சிரித்தார்கள். பேய் வெட்கப்பட்டுத் திரைக்குள் திரும்பிப் போனதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

மாயாஜாலப் படம் என்றால் உனக்கு மந்திரவாதி கட்சி. ராஜகுமாரன் குதிரை ஏறுவதும் பாட்டுப் பாடுவதுமாக இருக்கிறான், ராப்பகலாய் எலும்பைப் பொறுக்கி வேலை செய்கிறவன் மந்திரவாதி ஒருவன்தான் என்று சொல்வாய். கொலைக் கதைக்கு நீ வைத்த சட்டம் அதைவிடப் பெரியது. "கொல்றவன் அந்த வூட்ல சோறு துன்னவனா இருக்கணும்டா. எங்கியோ போறவன் வந்து கொன்னா அது கதை இல்ல, வெபத்து." இப்போது ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் மாசாமாசம் கையடக்க நாவல்கள் தொங்குகின்றன. அட்டையில் ஒரு பெண், ஒரு கத்தி. அஞ்சுக்கு நாலில் கொலைகாரன் கடைசிப் பக்கத்தில்தான் பிறக்கிறான். உன் சட்டப்படி எழுதினவர்கள் அத்தனை பேரையும் உள்ளே தள்ளலாம்.

என்னையும் சேர்த்து. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், அக்கா. பேய்ப் பக்கமாகச் சுற்றி வளைத்து வருகிறேன், அவ்வளவுதான்.

அந்த ஜமீன் பங்களா தொடர்கதை ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை பகலில் அரிசி மில்லில் கணக்கை முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வாரப் பத்திரிகை வாங்கிக்கொண்டு, சைக்கிளில் உன் வீட்டுக்கு வருவேன். உன் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் சக்கரவர்த்தி மாதிரி அமர்ந்து படிப்பேன். பங்களாவில் வாரம் ஒரு சாவு விழும். பேய் அடித்தது என்பார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நோய் வரும், பட்டணத்திலிருந்து சிரித்த முகமாய் ஒரு டாக்டர் வருவார்.

ஏழாவது வாரமே நீ கடலையைக் கீழே வைத்துவிட்டாய். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. கணக்குப்பிள்ளதான்டா. எல்லாரும் அழுதுக்கினு இருக்கச்சொல்ல அவன் மட்டும் போயி பீரோவ சாத்தினானே, கவனிச்சியா?" நான் கவனிக்கவில்லை. எழுத்தைப் படித்தவன் நான், கதையைப் படித்தவள் நீ. கிணற்றடி வரைக்கும் சேதி போனது. தனம் சொன்னது பலிக்கிறதா பார்க்கலாம் என்று கடலை உடைக்கும் கூட்டம் பதினைந்து பேராகப் பெருகிவிட்டது.

கடைசி வாரம் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துப் பார்த்தேன். கணக்குப்பிள்ளைதான்.

எனக்கு வந்த எரிச்சலில் ஸ்ரீபெரும்புதூர் ஏரித் தண்ணீர் கொதித்திருக்கும். பத்தாவது வரை படித்தவன் நான். கைநாட்டு வைக்கிற அக்காவிடம் பதினைந்து பெண்கள் எதிரில் தோற்பதா? சைக்கிள் மிதித்துக்கொண்டே வேறு முடிவு தயாரித்தேன். உன் வாசலில் உட்கார்ந்து, பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அச்சில் இல்லாததை அச்சுப் போலப் படித்தேன். கொலைகாரன் அந்தச் சிரித்த முக டாக்டர். ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்து, பயப்படாதே அம்மா என்று சிரித்துக்கொண்டே மயக்க மருந்து கொடுக்கிறார். படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை.

அக்கா, நான் பிறவிப் பொய்யன். ஆனால் அன்றைக்குப் படித்த மாதிரி ஒருநாளும் படித்ததில்லை. கடலை உடைக்கும் சத்தமே நின்றுவிட்டது. உன் முகம் வெளுத்தது. தோற்றதற்காக இல்லை, நிஜமாகவே பயந்தாய். நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பேய் இல்லை, ரத்தம் இல்லை, ஒரு சிரிப்பை வைத்துப் பயமுறுத்தினேன் பார் என்று வீடு வரைக்கும் விசில் அடித்துக்கொண்டு போனேன்.

அச்சில் இருந்த கதையில், அந்த மேஜையில்தான் அந்தப் பெண் பிழைக்கிறாள். பிழைக்கவைப்பவர் அந்த டாக்டர்.

எட்டு வருஷம் கழித்து உனக்கு வயிற்று வலி வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் சின்ன வயது. கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், தூங்கி எழுந்த மாதிரிதான் இருக்கும் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், பாவம். நீ தலையாட்டினாய்.

திரும்பி வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாய் திறந்தாய். "மயக்கம் குடுத்து படுக்க வெச்சப்புறம் அவரு இன்னா பண்றாருன்னு யாருக்குடா தெரியும்? அந்த பங்களா டாக்டரு மாதிரியே சிரிக்கிறாரு."

நான் முதலில் சிரித்தேன். பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அக்கா, அது வெறும் கதை என்றேன்.

"கதைதான். ஆனா நீ படிச்சி காட்டினது. இல்லாதத படிப்பியா நீ?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வார்த்தைதான் பதில். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமாய் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இனி என் எந்தச் சொல்லையும் நம்பமாட்டாளே என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறி உனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தேன். நான் செய்த தர்மம் அவ்வளவுதான்.

பிறகு நீ அறுவடை என்றாய், ஆடி மாசம் என்றாய், செல்வி பெரியவளாகிற வயசு என்றாய். எல்லாம் சாக்கு என்று எனக்கு மட்டும் தெரியும். ஆறு மாசம் கழித்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினபோது அதே டாக்டர்தான் இருந்தார். இன்னும் முன்னாடியே அழைத்து வந்திருக்கலாமே என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

கத்திக்குப் பயப்படாதவர் யார், அந்தக் கதை இல்லாவிட்டாலும் நீ போயிருக்கமாட்டாய் என்று பன்னிரண்டு வருஷமாய் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடுகிறேன். ஒவ்வொரு முறையும் என் வக்கீல் தோற்றுப்போகிறான். உன்னைக் கேட்காமல் இதில் யார் தீர்ப்புச் சொல்வது?

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். பதறாதே. உன் மகள் செல்விக்கு வயிற்றில் கட்டி. உனக்கு வந்தது மாதிரி இல்லை, சின்னது, சீக்கிரம் எடுத்துவிட்டால் பயமில்லை என்கிறார்கள். போன வாரம் மாப்பிள்ளை ஏகாம்பரம் ஷிப்ட் முடிந்த கையோடு, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் என் வீட்டுக்கு வந்தான். ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றான். போனேன். உன் மகள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அம்மா மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன்.

"மயக்கம் குடுத்து படுக்க வெச்சப்புறம் அவங்க இன்னா பண்றாங்கன்னு யாருக்கு மாமா தெரியும்? அம்மா சொல்லிக்கினே இருக்குமே."

எத்தனை பேய்ப்படம் பார்த்திருப்பேன், எத்தனை மயானக் காட்சி. எதிலும் ஒரு பேய் என்னை இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் பெற்ற பேய் அது. உன் வீட்டில் சோறு தின்று வளர்ந்திருக்கிறது.

சொன்னேன் அக்கா. மாப்பிள்ளை எதிரில், ஒன்றும் விடாமல், பஸ் ஸ்டாண்டில் பிரித்துப் பார்த்தது முதல் ஜன்னலோரம் இடம் பிடித்தது வரை. செல்வி முறத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டே, அப்ப அம்மா சொன்னதுதான் சரியா என்று கேட்டாள். ஏழாவது வாரமே சரி என்றேன். அவள் உதடு கொஞ்சம் சிரிக்கப் பார்த்தது, பிறகு நின்றுவிட்டது.

"இத அம்மாகிட்ட சொல்லவே இல்லியா?"

இல்லை என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஏகாம்பரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் வாசல்படிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"திங்கக்கெழம ஆபரேசனுக்கு நீதான் கூட வரணும். உள்ள தள்ளிக்கினு போற வரைக்கும் பேசிக்கினே இரு, மாமா. ஆனா ஒரு பொய் இருக்கக் கூடாது. மன்னிச்சிட்டன்னு நெனச்சிக்காத."

நாளைக்குத் திங்கட்கிழமை. பொய் கலக்காமல் அரை மணி நேரம் பேசுவது எப்படி என்று மூன்று நாளாய் ஒத்திகை பார்க்கிறேன். ஆபரேஷன் அறைக்குப் போகிற அந்த நீள நடையில் அவளிடம் என்ன சொல்வது? பயப்படாதே என்று மட்டும் சொல்லமாட்டேன். எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லலாமா? அது உண்மைதானே?

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன், அக்கா. அந்தக் கதவு மூடினதும் நான் டீ குடிக்கப் போகமாட்டேன், பீடி பிடிக்கப் போகமாட்டேன், பக்கத்திலிருப்பவரிடம் என் பிரதாபம் பேசமாட்டேன். செல்வி கண் திறந்து, முதல் வேலையாக என்னைத் திட்டுகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் சொல்லாமல் விட்ட தம்பி,
செல்வியின் தாய்மாமன்,
துரைசாமி